தர்மபுரியில் பழைய காருக்கு பிரேக் பார்க்கணுமா? பென்னாகரம் ரோடு பாய் பட்டறை பற்றி என் அனுபவம்

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், மேப்பில் தேடினால் கிடைக்காது. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில், டவுன் கடைகள் எல்லாம் ஓய்ந்து இரண்டு பக்கமும் புளியமரம் ஆரம்பிக்கிற இடத்தில், இடது பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய அம்பாசடர் கதவு சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். யாரைக் கேட்டாலும் பாய் பட்டறை என்றுதான் சொல்வார்கள். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருகிறேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் போனது என்று பின்னால் வருகிறது, அதில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

வண்டி 2003 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. 2014-லேயே கம்பெனி இந்த வண்டி தயாரிப்பதை நிறுத்திவிட்டது, வீட்டில் இரண்டு முறை விற்கலாம் என்று பேச்சு எடுத்தோம், இரண்டு முறையும் அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அதனால் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் ஐந்து வருஷம் கழித்து ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாமியார் வீடு ஓமலூர் பக்கம். மாதம் இரண்டு ஞாயிறாவது தொப்பூர் மலைப்பாதை இறங்கி ஏற வேண்டிய வண்டி இது.

மூன்றரை மாதத்துக்கு முன்னால் பின் பிரேக்கில் கீச்சு கீச்சென்று சத்தம் வந்ததால் டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். பெயர் வேண்டாம். ஏசி ரூம், காபி மெஷின் எல்லாம் இருக்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் பிரேக் ஷூ (டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்துகிற கட்டை) புதிதாகப் போட்டு 1,850 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் நின்றது. சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து பானட்டைத் திறந்து வைப்பரில் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. டிக்கியில் இருந்த பாதி பாட்டிலை எடுத்து ஊற்றினேன். பத்து நாளில் மறுபடியும் இறங்கியது. போன் பண்ணிக் கேட்டதற்கு, "புது ஷூ போட்டிருக்கோம் சார், செட் ஆகறப்போ லெவல் கொஞ்சம் இறங்கும், நார்மல்தான்" என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். ஷூ தேயத் தேயத்தான் டப்பாவில் ஆயில் மெதுவாக இறங்கும், ஏனென்றால் தேய்ந்த அளவுக்கு, ஷூவைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். புது ஷூ போட்டால் பிஸ்டன் உள்ளே போய்விடும், அதனால் அளவு ஏறத்தான் வேண்டும். புது ஷூ போட்ட பிறகு பத்து நாளில் அரை இன்ச் இறங்குகிறது என்றால் ஆயில் எங்கேயோ வெளியே போகிறது, வேறு கணக்கே கிடையாது.

எங்கே போகிறது என்பது தொப்பூரில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னால் லோடு லாரி, நான் மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், இரட்டைப் பாலத்துக்கு முந்தின வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தை விட இரண்டு விரல் அளவுக்குக் கூடுதலாக உள்ளே போனது. வண்டி நிற்காமல் இல்லை, நின்றது, ஆனால் லேசாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. விட்டு மறுபடி இரண்டு தடவை அடித்து மிதித்த பிறகுதான் பெடல் மேலே வந்தது. பக்கத்தில் மனைவி, பின்னால் அம்மாவும் பையனும். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி, இன்ஜினே பிடித்து நிறுத்தட்டும் என்று லாரிகளோடு லாரியாக ஊர்ந்து இறங்கி, கீழே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு சர்க்யூட், அதாவது இரண்டு ஆயில் வழி, தனித்தனியாக இருப்பதால் ஒன்று தொய்ந்தாலும் இன்னொன்று பிடிக்கும், அதுதான் அன்றைக்குக் காப்பாற்றியது என்று பாய் பிறகு சொன்னார்.

இறங்கி டயர்களைச் சுற்றி வந்தேன். வெளிப்பக்கம் எதுவும் தெரியவில்லை. குனிந்து உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் பின் இடது டயர் உள்பக்கச் சுவரில் ஈரம், அதில் ரோட்டுத் தூசி ஒட்டிக் களிம்பு மாதிரி. விரலில் தேய்த்தால் வழவழப்பு. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீல் சிலிண்டர் போயிடுச்சு சார், இதை வெச்சிக்கிட்டு மேல ஏறாதீங்க" என்றார். பட்டறை வழி சொன்னதும் அவர்தான். "பிரேக்குன்னா எங்க ஆளுங்க அந்த பாய்கிட்டதான் போவாங்க, கார், லாரின்னு பார்க்க மாட்டார்." குடும்பத்தைப் பஸ் ஏற்றிவிட்டு, வண்டியை டோயிங் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அதற்கு 2,200 ரூபாய். வயிறு எரிந்தது, ஆனால் அந்த மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு அது அதிகம் என்று தோன்றாது.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். சர்வீஸ் சென்டரில் எப்படிச் சொன்னார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நான் ஆரம்பித்த எதையும் அவர் கேட்கவில்லை. "உள்ள உக்காந்து பிரேக்கை அமுக்கிப் புடிங்க தம்பி" என்றார். பிடித்தேன். காலடியில் பெடல் மெதுவாக, தூக்கம் வருகிற மாதிரி, கீழே இறங்கிக்கொண்டே போனது. "போதும்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தார். ஜாக்கியில் தூக்கியதும் அப்படியே கைவைக்கவில்லை, முன் சக்கரத்துக்குக் கல்லும் பின்னால் பாடிக்குக் கீழே கட்டையும் வைத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். சின்ன விஷயம்தான், ஆனால் டவுனில் எத்தனையோ இடத்தில் வெறும் ஜாக்கியில் வண்டி நிற்க, பையன் அடியில் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டிரம்மை இழுத்ததும் உள்ளே இருந்த தூசியை ஊதவில்லை, ஏர் பைப்பையும் அடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தார். "அந்தக் காலத்து லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு, அப்ப ஊதி ஊதித்தான் எங்க உஸ்தாத் நெஞ்சைக் கெடுத்துக்கிட்டார்" என்றார். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். வீல் சிலிண்டர் என்பது ஷூவைத் தள்ளுகிற பிஸ்டன்கள் இருக்கும், கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை, இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு தொப்பியின் ஓரத்தை லேசாகப் பிரித்தார். டிகாஷன் நிறத்தில் ஆயில் சொட்டு சொட்டாக வழிந்து, இரண்டு மாதமே ஆன என் புது ஷூ மேல் விழுந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற உரசும் பட்டை, அதுதான் லைனர், பாதி கறுத்து ஊறிக் கிடந்தது. 1,850 ரூபாய் கண் முன்னால் ஊறிக்கொண்டிருந்தது.

"ஷூ மாத்துறதுக்கு முன்னாடி லீக் இல்லையே பாய்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகவே இந்தப் பட்டறைக்கு நாலு ஸ்டார். சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன், நடுவில் இருக்கும் ஸ்பிரிங், ஆயில் கசியாமல் அடைக்கிற இரண்டு ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். உருளையைத் துடைத்து வெயிலுக்குக் காட்டி, ஒரு தீக்குச்சியைக் கொடுத்து, உள்சுவரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் குச்சி வழுக்கிக்கொண்டு போகிறது, நடுவில் வந்ததும் கட கடவென்று தட்டுகிறது. துருவில் விழுந்த குழி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் உள்ளே தங்கி வருஷக்கணக்கில் அரித்திருக்கிறது. பழைய ஷூ தேய்ந்திருந்த வரைக்கும் வாஷர் இரண்டும் வெளியே தள்ளி, வழவழப்பான இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததாம். புது ஷூ தடிமனாக வந்ததும் பிஸ்டன்களை உள்ளே அமுக்கி மாட்டியிருக்கிறார்கள், வாஷர் போய்க் குழி மேல் உட்கார்ந்துவிட்டது. ரப்பர் உதடு அதில் உரசி உரசிக் கிழிந்து, கசிய ஆரம்பித்திருக்கிறது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த சாமான். ஆனால் ஷூ மாற்றுகிறபோது அந்த ரப்பர் தொப்பியை ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

நான் சும்மா இருக்காமல், "வாஷர் கிட் மட்டும் போட்டா போதாதா, அறுபது எழுபது ரூபாய்ல முடிஞ்சிடுமே" என்றேன். கொஞ்சம் யூடியூப் பார்த்திருந்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கிட் மாட்டலாம் என்று அதில் ஒருவர் செய்து காட்டினார். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடலாம். ரெண்டு மாசம் நிக்கும். நீங்க தொப்பூர் இறங்கறவரு, ரெண்டு மாசம் பத்தாது" என்றார். சரி, ஷூவையாவது பெட்ரோலில் கழுவி ஓட்டலாமே என்றேன், அதற்கும் தலையாட்டல்தான். லைனர் குடித்த ஆயில் துடைத்தால் போகாது, மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பிரேக் சூடேறும்போது மறுபடி வெளியே வந்து வழுக்கும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி இழுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் சிலிண்டர், இரண்டு பக்கமும் ஷூ. "கிட்டுதான் போடணும்னா வேற எடம் பாருங்க, என் கையால வேணாம்." வேலையை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்கை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஸ்பேர் எதுவும் பட்டறையில் வைத்திருப்பதில்லை. பழைய சிலிண்டரை ஒரு பனியன் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, டவுனுக்குப் போய் நீங்களே வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். சிலருக்கு இது பிடிக்காது, எனக்குப் பிடித்தது, விலையில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் ஒரு விஷயம், பழசைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது பார்க்க அச்சு அசலாக இருந்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்விட்டம் வேறு, வேறு ஏதோ வண்டியுடையது. ரோஸ் நிற டப்பாவில் மலிவாக ஒன்றும் காட்டினார்கள், பாதி விலை. அதைத் தொடவில்லை. பிரேக் ஆயில் சீல் பிரிக்காத அரை லிட்டர், டாட் 3, டிவிஎஸ் கிர்லிங். வண்டியின் மூடியிலேயே எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

டிக்கியில் இருந்த மிச்ச பாட்டிலையும் பெருமையாக நீட்டினேன். "எப்ப தொறந்தது?" என்றார். ஒன்றரை வருஷம் இருக்கும். வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். திறந்த பாட்டில் மூடி போட்டு வைத்தாலும் ஈரம் இழுத்துவிடுமாம். நான் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன்: புது டாட் 3 கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவே 140-க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்துப் பக்கம் எவ்வளவு சூடு என்று டிரம்மில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். ஆயில் கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். லீக்கே இல்லாத வண்டியிலும் இது நடக்கும். நான் அந்த ஒன்றரை வருஷத்து ஆயிலைத்தான் இரண்டு தடவை ஊற்றி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்கியிருக்கிறேன்.

சரி, இப்போது அந்த ஒரு ஸ்டார். ஞாயிறு மாலை சாமான் வாங்கிக் கொடுத்தாயிற்று, திங்கள் மதியம் வாருங்கள் என்றார். திங்கள் காலை ஆபீஸிலிருந்து போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பத்து தடவை. மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போனால் வண்டி அதே கட்டை மேல் நிற்கிறது. வலது பக்கத்தில் சிலிண்டருக்கு வருகிற இரும்புக் குழாயின் நட் துருப்பிடித்து இறுகிவிட்டதாம், பலவந்தமாகத் திருப்பினால் நட்டோடு குழாயும் முறுக்கி உடைந்துவிடும், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் புது லைன் இழுக்க வேண்டி வரும். அதனால் துரு விடுகிற எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை லேசாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காரணம் நியாயம்தான், யார் இல்லை என்றார்கள். அதை ஒரு போனில் சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் லீவு மிச்சம். கேட்டால், "கையெல்லாம் ஆயிலு, போனை எப்படித் தொடறது" என்கிறார். பக்கத்தில் உதவிக்குப் பட்டறைப் பையன் இருக்கிறானே, அவன் கையில் எப்போதும் போன் இருக்கிறதே! கடைசியில் வண்டி கிடைத்தது செவ்வாய் சாயங்காலம்.

ஆனால் செவ்வாய்க்கிழமை நான் கூட இருந்தது நல்லதாகப் போயிற்று, ஏர் எடுப்பதை, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் பையன், பின் சக்கரத்தடியில் பாய். ஆயிலைத் திறந்துவிடுகிற நிப்பிளில் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு குழாய் மாட்டி, அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். "அமுக்கு... புடி... விடு." நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" வரும், வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். தூரத்தில் இருக்கிற பின் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு வைத்திருந்தது எனக்கு வினோதமாக இருந்தது. கேட்டேன். பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதிக்கு வாஷர் சாதாரணமாகப் போவதே இல்லை, அங்கே துருவும் கசடும் உட்கார்ந்திருக்கும், ஏர் எடுக்கிறபோது பெடலைத் தரை வரைக்கும் மிதித்தால் வாஷர் அந்தக் கசடில் போய்க் கிழியும், பிறகு பின்னால் சரி பண்ணின லீக் முன்னால் ஆரம்பிக்கும். அதற்குத்தான் கட்டை, பாதிக்கு மேல் போகாது. குழாயில் முதலில் டிகாஷன், அப்புறம் டீ, அப்புறம் தேன் நிறம். ஒரு குமிழி, இரண்டு குமிழி, நின்றது. நாலு சக்கரத்துக்கும் இப்படியே. நடுவில் டப்பா காலியாகிவிடாமல் பையன் இரண்டு தடவை இறங்கி ஊற்றினான்.

முடித்ததும் டயர், டிரம், பாடி ஓரம் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். சக்கர நட் கழலாமல் பிடிக்கிற ஸ்ப்ளிட் பின் புதிதாகப் போட்டு வளைத்தார், பழைய பின்னை அவரே நசுக்கித் தூக்கி எறிந்தார். ஹேண்ட் பிரேக் கம்பியையும் இழுத்து வைத்தார், முன்னால் கை மேலே வந்து கும்பிடு போடுகிற அளவுக்குத் தூக்க வேண்டியிருந்தது, இப்போது ஆறாவது பல்லில் பிடிக்கிறது. பிறகு என்னை உட்காரவைத்து ஒரு நிமிஷம் பெடலை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். கல் மாதிரி நின்றது. அதியமான்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்ததும் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் ஒரே சூடு.

கணக்கு காலண்டர் தாளின் பின்பக்கத்தில். சிலிண்டர் இரண்டு 760, ஷூ செட் 650, ஆயில் 190, பின்னும் பேரிங் கிரீஸும் 60, கூலி 900. மொத்தம் 2,560 ரூபாய். பில் கேட்டால் அந்தத் தாளைத்தான் கிழித்துத் தருவார். கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி உட்கார நாற்காலி இல்லை, டயரில்தான் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் தொழுகைக்குப் போய்விடுவார், இரண்டரை வரை போகாதீர்கள். ஏபிஎஸ் இருக்கிற வண்டி என்றால் அவரே கம்பெனிக்குப் போகச் சொல்லிவிடுகிறார், தெரிந்ததை மட்டும் தொடுகிறார். ஏசி வேலை, எலக்ட்ரிக்கல் வேலையும் இல்லை. அவசரம் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள், ஒரு நாள் என்று சொன்னால் இரண்டு நாள் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய 800, ஜென், அம்பாசடர், ஜீப் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. மூன்று தடவை தொப்பூர் இறங்கி ஏறிவிட்டேன், டப்பாவில் அளவு ஒரு மயிரிழை நகரவில்லை, டயர் உள்பக்கம் காய்ந்து தூசியாக இருக்கிறது. பழைய சிலிண்டர் இரண்டையும் அப்பா வாங்கிக் கழுவி ஷோகேஸில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் தீக்குச்சி கொடுக்கிறார்.

முன் சக்கரத்து ரப்பர் ஹோஸில் சின்ன வெடிப்பு இருக்கிறது, இப்போது கசியவில்லை, ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதற்கு முன்னால் கொண்டுவந்து மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன். போனை எடுக்க மாட்டார், இந்த ஞாயிறு பஸ்ஸில் நேரில் போய் நாள் கேட்டுவிட்டு வர வேண்டும்.